பின் இருக்கையில் அம்மா

வண்டியில் எனக்கு முதன்முதலாக வாந்தி வந்தபோது வயது நான்கு. கிள்ளானிலிருந்து மோரிப் கடற்கரைக்குப் போகும் வழியில், பந்திங் தாண்டியதும், காரோட்டிக்கொண்டிருந்த அப்பாவின் முதுகில். சம்பவம் எனக்கு நினைவில் இல்லை. அம்மா சொல்லிச் சொல்லி இப்போது அந்தச் சட்டையின் நிறம்கூட நினைவிருப்பது போல் இருக்கிறது.

வாந்தி எடுக்கும் பிள்ளையை முன் இருக்கையில் உட்காரவைத்தால் சரியாகும் என்று அப்பாவின் கூட்டாளி ஒருவர் சொன்னாராம். அடுத்த பயணத்திலேயே இடம் மாறியது. அதுவரை முன்னால் உட்கார்ந்துவந்த அம்மா, அக்காவோடு பின்னால் போனார். நான் அப்பாவின் பக்கத்தில், சாலையைப் பார்த்தபடி, வாயில் அசாம்பொய் (உப்பும் புளிப்பும் ஏற்றிக் காயவைத்த பிளம் பழம்) ஒன்றை அடக்கிக்கொண்டு ராஜா மாதிரி வந்தேன். அப்போதும் வாந்தி வரும். ஆனால் பாதிக்குப் பாதி குறைந்தது.

பள்ளிச் சுற்றுலா என்றால் எனக்குக் காய்ச்சலே வந்துவிடும். மலாய் நண்பர்கள் இதை ‘மாபுக்’ என்பார்கள். குடித்துவிட்டுத் தள்ளாடுவதற்கும் அதே சொல்தான். நம் பையன்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். “டேய், குணா காலையிலயே ஏத்திட்டு வந்துட்டான்டா!” பேருந்தே சிரிக்கும். நான் பிளாஸ்டிக் பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டிருப்பேன். நாற்பத்தெட்டு வயதிலும் என் கால்சட்டைப் பையில் மடித்த பிளாஸ்டிக் பை ஒன்று இருக்கிறது.

இதை வாசிக்கிறவர்களில் என்னைப் போன்றவர்கள் இருப்பார்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: இது பயணக் குமட்டல் (நம் உடலின் சமநிலையைக் காக்கும் உள்காது ‘நகர்கிறோம்’ என்கிறது, வண்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கும் கண் ‘நகரவில்லை’ என்கிறது, இரண்டுக்கும் நடுவில் மூளை குழம்பி வயிற்றைப் பிரட்டுகிறது). வண்டி ஓட்டுகிறவருக்குப் பெரும்பாலும் வராது. அடுத்த வளைவு எங்கே என்று அவர் உடலுக்கு முன்கூட்டியே தெரியும். முன்னால் இருப்பவருக்குக் குறைவு. பின்னால், பக்கவாட்டில் சாய்ந்திருப்பவர் பாடு படுமோசம்.

வாந்திக்கு முன் கொட்டாவி வரும். வாயில் எச்சில் ஊறும். நெற்றியில் சில்லென்று வேர்க்கும். பேச்சு நின்றுபோகும். இந்த அறிகுறிகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். யாராவது வண்டியில் இரண்டு முறை கொட்டாவி விட்டாலே ஓரங்கட்டவா என்று கேட்கிற ஆள் நான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. இவ்வளவும் தெரிந்த ஒருவன் என்ன செய்தான் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

பதினேழு வயதில் லைசென்ஸ் எடுத்தேன். அன்றோடு என் நோய் தீர்ந்தது என்றே சொல்லலாம். எங்கே போனாலும் நான்தான் ஓட்டுவேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் ரயிலில் போய்வருகிறேன். உட்கார இடம் இருந்தாலும் கதவோரம் ரயில் போகும் திசையைப் பார்த்து நிற்பேன். இருபது வருடமாக இப்படித்தான்.

அம்மாவைப் பற்றி எங்கள் வீட்டில் இரண்டு விஷயங்கள் பிரசித்தம். ஒன்று, காரில் ஏறினால் தூங்கிவிடுவார். வண்டி தெரு முனை திரும்புவதற்குள் கண்ணை மூடிக்கொள்வார். “உங்கம்மாவுக்கு காடி தொட்டில் மாதிரி” (காடி என்றால் எங்கள் பேச்சில் கார்) என்று அப்பா கேலி செய்வார். மற்றொன்று, விரதம். எங்காவது கிளம்புகிற நாளில் அம்மாவுக்கு ஏதாவது ஒரு விரதம் இருக்கும். செவ்வாய் என்றால் முருகனுக்கு, வெள்ளி என்றால் அம்மனுக்கு, சனி என்றால் பெருமாளுக்கு. திங்கட்கிழமைக்குச் சிவன் இருக்கிறார். வாரத்தில் எந்த நாளுக்கும் ஒரு சாமியைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது நம் சமயத்தில் உள்ள வசதி. கல்யாண வீட்டுக்குப் போனாலும் அம்மா பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். திரும்பி வீடு வந்து, குளித்து, விளக்கேற்றி, அதன் பிறகுதான் ஒரு வாய் சோறு. சொந்தக்காரர்கள் அவர் பக்தியை மெச்சிக்கொண்டார்கள். நானும்தான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அம்மாவின் வயிறு உப்ப ஆரம்பித்தது. வாயு என்றார். ஓமத்தண்ணீர் குடித்தார். பாவாடை நாடா எட்டவில்லை என்று என் மனைவி கலாவிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். கலாதான் பிடிவாதமாகக் கிளினிக்குக் கூட்டிப்போனாள். அங்கிருந்து கோலாலம்பூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மறுபடி ஸ்கேன். சினைப்பையில் புற்றுநோய். அம்மாவுக்கு அப்போது அறுபத்தெட்டு. அப்பா இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அக்கா ஜொகூரில் இருந்ததால் எல்லாம் என் பொறுப்பு.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மிச்சமிருக்கும் புற்றணுக்களை அழிக்க ஆறு கிமோ (ரத்தநாளம் வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் மருந்து), மூன்று வாரத்துக்கு ஒன்று என்று முடிவானது. எங்கள் டாக்டர் ஓர் இளம் தமிழ்ப்பெண். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

“ஆன்ட்டி, வாமிட் வரலாம், முடி கொட்டலாம். பயப்படாதீங்க. எல்லாத்துக்கும் மருந்து இருக்கு. ஆறையும் முடிச்சுடணும், சரியா?”

“முடிச்சுடலாம் டாக்டர்” என்றார் அம்மா. தையல் வகுப்பில் சேர்ந்தவர் மாதிரி உற்சாகமாகத் தலையாட்டினார்.

முதல் கிமோவுக்குப் போகிற காலை, காரின் பின் இருக்கையை நான் தயார் செய்தேன். இரண்டு தலையணை, ஒரு மெல்லிய போர்வை, முதுகுக்கு ஒரு குஷன். கதவில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு வரலாம். கண் கூசாமல் இருக்க ஜன்னலுக்குத் திரை மாட்டினேன். கலா முன் கதவைத் திறந்து, “அத்தே, நீங்க முன்னால உக்காருங்க, காலுக்கு வசதியா இருக்கும்” என்றாள்.

“வேணாம்மா. நீ புருஷன் பக்கத்துல உக்காரு. அவன் எனக்குப் பின்னால படுக்க போட்டிருக்கான் பாரு” என்றார் அம்மா. அன்று வெள்ளிக்கிழமை. விரதமும் இருந்தார்.

மருந்து ஏறி முடிய மாலை ஆனது. திரும்பும் வழியில், ஷா ஆலாம் வருவதற்குள், அம்மா வாந்தி எடுத்தார். வெறும் மஞ்சள் தண்ணீர். வீடு வந்து சேர்வதற்குள் நான்கு முறை. கிமோ வேலையைக் காட்டுகிறது என்று கலாவும் நானும் பேசிக்கொண்டோம். மறுநாள் கஞ்சி குடித்தார், அதற்கடுத்த நாள் சோறு சாப்பிட்டார்.

இரண்டாவது முறை, போகும்போதே வந்துவிட்டது. மருந்தை இன்னும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. பெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் வண்டி நின்று நின்று போக, பின்னாலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. டாக்டரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. முன்னுணர்வுக் குமட்டல் (மருந்து தந்த பாட்டை மனம் நினைவில் வைத்துக்கொண்டு, ஊசிக்கு முன்பே வயிறு பிரட்டுவது) என்று ஒன்று இருக்கிறது, பலருக்கு வரும் என்றார். அம்மாவிடம் திரும்பி, “ஆஸ்பத்திரிய நினைச்சாலே வருதா ஆன்ட்டி?” என்று கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்து, “ஆமா டாக்டர்” என்றார்.

வாந்தி மாத்திரையை மாற்றினார்கள், கூட்டினார்கள். மூன்றாவது முறை போய்ச் சேர்ந்தபோது அம்மாவால் காரிலிருந்து இறங்க முடியவில்லை. உடலில் நீர் வற்றி, சிறுநீரகம் தடுமாறத் தொடங்கியிருந்தது. வார்டில் சேர்த்து, குளுக்கோஸ் ஏற்றி, இரண்டு நாள் கழித்து அங்கேயே கிமோ கொடுத்தார்கள். மொத்தம் நான்கு நாள் இருந்தார். நான் கடையிலிருந்து மதியம் ஓடிப்போய்ப் பார்ப்பேன். மருந்து ஏறிய மறுநாள் பிரிக்பீல்ட்ஸிலிருந்து இட்லி வாங்கிப்போனேன். மூன்று இட்லி சாப்பிட்டுவிட்டு, சாம்பாரில் உப்பு குறைவு என்றார். வார்டில் இருந்த நாலு நாளில் ஒரு தடவைகூட வாந்தி இல்லை. தாதி என்னிடம் அதைச் சந்தோஷமாகச் சொன்னாள்.

அன்று மாலை வீடு திரும்பும் வழியில் மறுபடி வாந்தி.

இப்போது எழுதிப் பார்க்கையில் எனக்கே என்னை அறைய வேண்டும் போல் இருக்கிறது. மருந்து தாமதமாக வேலை செய்கிறது என்று அன்று நான் நினைத்தேன். இணையத்தில் தேடினேன். தாமதக் குமட்டல் (மருந்து ஏறிய மறுநாள் முதல் சில நாட்கள் வரை வருவது) என்று அதற்கும் ஒரு பெயர் கிடைத்தது. மனநிறைவோடு தூங்கப்போனேன்.

நான்காவது கிமோவில் மருந்தின் அளவைக் குறைத்தார்கள். அம்மாவின் எடை ஒன்பது கிலோ இறங்கியிருந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்து, சாமி அறைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: “போதும் குணா. என்னால முடியல. இதோட விட்டுருவோம்.”

நான் கத்தினேன். இன்னும் இரண்டுதான் என்றேன். அக்காவை ஜொகூரிலிருந்து வரவழைத்தேன். அக்கா அழுதாள். அம்மா அசையவில்லை. கடைசியில் டாக்டரிடம் போனோம். அன்றும் வழியெல்லாம் வாந்தி. டாக்டர் அம்மாவின் நிலையைப் பார்த்துவிட்டு, “ஆன்ட்டி உடம்பு மருந்தத் தாங்கல. கட்டாயப்படுத்த வேணாம். கொஞ்ச நாள் பார்ப்போம்” என்றார். கோப்பில் அப்படியே எழுதினார். நாங்கள் எல்லோரும் அதை நம்பினோம். அம்மா மட்டும் நம்பவில்லை, ஏனென்றால் அவருக்கு உண்மை தெரியும்.

அதன் பிறகு நான்கைந்து மாதம் நன்றாக இருந்தார். தலையில் பஞ்சு போல் முடி முளைத்தது. தோசை சுட்டார், மருதாணி அரைத்தார், நாடகம் பார்த்துவிட்டு வில்லியைத் திட்டினார். இந்த மருந்தைக் கண்டுபிடித்தவனைத்தான் உதைக்க வேண்டும் என்று நான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்தெரு சரோஜா ஆன்ட்டி வந்தார். அவருக்கு மார்பில் கட்டி, கிமோ தொடங்கப்போகிறார்கள். சமையலறையில் அம்மாவோடு உட்கார்ந்து அழுதார். நான் கூடத்தில் மின்விசிறியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“கிமோன்னா ஒரே வாமிட்டுன்னு சொல்றாங்களே க்கா. ஒங்களுக்கும் அப்படித்தானே ஆச்சு? எனக்கு பயமா இருக்கு லா.”

“மருந்துக்கு பயப்படாத சரோஜா” என்றார் அம்மா. “நாக்கு கசக்கும். ரெண்டு நாளு அசதியா இருக்கும். முடி போவும், திரும்பி வந்துரும். வேற ஒன்னும் இல்ல. எனக்கு வாந்தி வந்தது மருந்தால இல்ல. எனக்கு காடியே ஆகாது. சின்னப் புள்ளையிலேருந்து.”

துணி என் கையிலேயே இருந்தது. சரோஜா ஆன்ட்டி போகும்வரை நான் எழுந்திருக்கவில்லை. பிறகு சமையலறைக்குப் போனேன்.

“ஏம்மா சொல்லல?”

அவருக்கு நான் எதைக் கேட்கிறேன் என்று புரிந்தது. அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தார். “என்னத்த சொல்றது? அப்பா காடியில முன்னால ஒரு சீட்டுதான் இருந்துச்சு. ஒனக்கும் வந்துச்சு. நீ புள்ள.”

“அது அப்பம்மா. நாப்பது வருசம் ஆச்சு. இப்ப சொல்றதுக்கு என்ன?”

“இத்தன வருசமா சொல்லாதத இப்ப சொன்னா சிரிப்பாங்க. நீ வேற தலகாணி போட்டு, போர்வ போட்டு, தெரை எல்லாம் கட்டி வச்சிருந்த. வேணாம்னு சொல்ல மனசு வரல பா.”

“விரதம்?”

“வயித்துல ஒன்னும் இல்லாட்டி எடுக்கறதுக்கும் ஒன்னும் இருக்காதுல்ல.” சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெறும் வயிற்றில் குமட்டல் இன்னும் மோசமாகும் என்று சின்ன வயதில் பிஸ்கட்டை என் வாயில் திணித்தவர் அவர்தான்.

“அப்ப கிமோ நிறுத்தினது?”

அம்மா துணியைப் பிழிந்து காயப்போட்டார். “இன்னும் ரெண்டு தடவ போய் வரணும்ன. போவ ரெண்டு, வர ரெண்டு. என்னால ஆவாதுன்னு தோணிச்சு.”

“செத்தாலும் பரவாலன்னா?”

“அந்த வாந்தி வர்ற நேரத்துல அப்படித்தானே தோணும். ஒனக்குத் தெரியாதா?”

தெரியும். இந்தக் கோளாறு உள்ள எல்லோருக்கும் தெரியும். அந்த நிமிடத்தில் வண்டி நின்றால் போதும், வேறு எதுவும் வேண்டாம். ஆரோக்கியமான மனிதர்கள் இதைக் கேட்டால் மிகை என்பார்கள். உயிரைக் காக்கும் மருந்தை ஒருவர் காரில் போக முடியாததற்காக விடுவாரா என்பார்கள். என்னிடம் அப்படிக் கேட்டவர்கள் உண்டு.

எனக்குக் கோபம் வந்தது. அம்மா மீது, அப்பா மீது, அவருடைய கூட்டாளி மீது. முன்னால் உட்காரவைத்திருக்கலாம். கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன் ஒரு மாத்திரை கொடுத்திருக்கலாம். முதல் நாளே வார்டில் சேர்த்திருக்கலாம். பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை செய்கிற தெருவிலேயே மூன்று நாளைக்கு ஓர் அறை எடுத்திருக்கலாம். வழி இல்லாமல் போகவில்லை. எவருக்கும் கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மறுநாளே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசி, அடுத்த ஸ்கேனுக்கென்று தள்ளியிருந்த தேதியை முன்னுக்குக் கொண்டுவந்தேன். அம்மாவுக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளும் என்றும் கேட்டுக்கொண்டேன். கலா பின்னால் ஏறிக்கொண்டாள். அம்மா முன்னால் உட்கார்ந்தார். பெல்ட்டை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் தடவினார். இரண்டு பிஸ்கட் சாப்பிட வைத்திருந்தேன். “கண்ண மூடாதீங்க. தூரத்துல பாருங்க” என்றேன்.

அம்மா பார்த்தார். கோலாலம்பூர் எல்லையில் நெடுஞ்சாலைக்கு மேலே தோரணவாயில் போல் நிற்கும் பெரிய வளைவு வந்தபோது முன்னால் குனிந்து அண்ணாந்தார்.

“இதுதானா? இவ்வளவு பெருசா? ஒங்கப்பா ஒவ்வொரு தடவையும் சொல்வாரு, வளைவு வந்துருச்சுன்னு. அப்ப நான் ரெண்டாயிரத்துல இருப்பேன்.”

“என்ன ரெண்டாயிரம்?”

“எண்ணுவேன் பா. கண்ண மூடிக்கிட்டு. ஆயிரம் வந்தா ஒரு வெரல மடக்கிக்குவேன். அப்புறம் மறுபடி ஒன்னுலேருந்து. ஜாம் இல்லன்னா கேஎல்லு மூனு வெரல். ஜாமுன்னா ரெண்டு கையும் பத்தாது.”

பின்னாலிருந்து கலா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நான் சாலையைப் பார்த்தேன். கிள்ளானிலிருந்து கேஎல், அதாவது கோலாலம்பூர், நாற்பது நிமிடம், அதிகம் போனால் ஒன்றரை மணி நேரம் என்று எல்லோரையும் போல நானும் சொல்லிவந்தவன். அன்று அம்மா ஒரு முறைகூட வாந்தி எடுக்கவில்லை.

ஸ்கேனில் வயிற்றில் மறுபடியும் நீர் தெரிந்தது. ஈரலின் மேல்புறத்திலும் புள்ளி புள்ளியாக இருந்தது. நான் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோப்பைப் பின்னோக்கிப் புரட்டினார். வார்டில் வாந்தி இல்லை என்று தாதி எழுதியிருந்த பக்கத்தில் நிறுத்தினார்.

“எத்தன தடவ வாமிட்டுன்னு ஒவ்வொரு விசிட்லயும் கேட்டேன்” என்றார். “எங்க இருக்கும்போதுன்னு கேக்கல.”

“அந்த ரெண்டையும் அப்பவே போட்டிருந்தா டாக்டர்?”

“சொல்ல முடியாது, மிஸ்டர் குணா. போட்டிருந்தாலும் திரும்பி வந்திருக்கலாம். நிறைய பேருக்கு வருது.” பிறகு, நான் கேட்காமலேயே, “வராமலும் இருந்திருக்கலாம். பொய் சொல்ல விரும்பல” என்றார்.

வேறு மருந்தை வைத்து இரண்டு கிமோ கொடுத்தார்கள். விட்டுப்போன அதே எண்ணிக்கை. அம்மா இரண்டுக்கும் முன்னால் உட்கார்ந்து, வேடிக்கை பார்த்துக்கொண்டு, விளம்பரப் பலகைகளை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டு போய்வந்தார். வாந்தி இல்லை. மருந்து கேட்கவும் இல்லை. நோய்த்தணிப்புப் பிரிவுக்கு (குணமாக்குவதை விட்டுவிட்டு வலியையும் அவதியையும் மட்டும் குறைக்கிற பிரிவு) மாற்றினார்கள்.

அதற்குப் பிறகு எங்களுக்குக் கிடைத்தது பதினொரு வாரம். அம்மா தெம்பாக இருந்த நாட்களில் காரை எடுக்கச் சொல்வார். கோலாலம்பூரைத் தாண்டி அம்பாங்கில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்கு ஒன்பது வருடமாக அம்மா போனதில்லை. இருவருக்கும் மனத்தாங்கல் என்று குடும்பத்தில் எல்லோரும் முடிவுகட்டியிருந்தோம். பெரியம்மாவும் அப்படித்தான் நினைத்திருந்தார். வாசலில் அம்மாவைப் பார்த்ததும், “அடியே, இங்க இருக்கற அம்பாங்குக்கு வர ஒனக்கு ஒன்பது வருசமா?” என்று கத்தினார்.

“ரோடு இப்பதான்க்கா போட்டு முடிச்சாங்க” என்றார் அம்மா.

இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு கட்டிலில் படுத்தபடி மதியம் முழுக்கப் பேசினார்கள். அம்மா அங்கே சாப்பிட்டார். ரசம் கேட்டு வாங்கி, இரண்டாவது முறையும் ஊற்றிக்கொண்டார்.

திரும்பும்போது அம்மாவின் தலை என் பக்கமாகச் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்து, குறட்டை வந்தது. அது உண்மையான தூக்கம். கிள்ளானுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் நான் திரும்பவில்லை. துறைமுகம் வரைக்கும் ஓட்டிப் போய், அங்கே வளைத்துக்கொண்டு மெதுவாக வந்தேன். வீட்டு வாசலில் விழித்ததும், “வந்துட்டமா? நான் ஒன்னுமே எண்ணலயே” என்றார்.

இதே நிலையில் இருக்கிற உங்களிடம் எனக்குச் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். நோயாளி வாந்தி எடுத்தால் எப்போது, எங்கே என்று குறித்துவையுங்கள். அந்தத் தாளை டாக்டரிடம் காட்டுங்கள். மருத்துவமனைக்குப் போகும் வழியும் சிகிச்சையில் சேர்ந்ததுதான். அம்மாக்களிடம் ஒரு முறை கேட்டு ஆமாம் என்று பதில் வந்தால் விட்டுவிடாதீர்கள். இன்னொரு முறை கேளுங்கள்.

என் உடம்பும் மாறிவிட்டது. ஓட்டுகிறவனுக்கு வராது என்று நான் நம்பியிருந்தது இப்போது எனக்கு வருகிறது. நேர்ச்சாலையில், நெரிசலே இல்லாத நேரத்தில், திடீரென்று வாயில் எச்சில் ஊறும். ஓரங்கட்டி நிற்பேன். உள்காதைப் பரிசோதித்த டாக்டர் கோளாறு ஒன்றும் இல்லை என்றார்.

அம்மா ஒரு புதன்கிழமை காலை போனார். வலி அதிகமில்லை. கலாவின் கையைப் பிடித்திருந்தார், நான் மறு பக்கம் இருந்தேன். மறுநாள் பெட்டியை ஏற்றிச்செல்ல வேன் வந்தது. மின்சுடலைக்குப் பிள்ளை பெட்டியோடு வரவேண்டும் என்றார்கள். அந்த வேனில் பெட்டியை ஒட்டிப் பக்கவாட்டில் ஒரு பெஞ்சு இருந்தது. ஜன்னலுக்குத் திரை. உள்ளே பூவும் ஊதுவத்தியும் சேர்ந்த மணம். என்னைப் போன்றவன் ஏறவே கூடாத வண்டி. “அண்ணே, முன்னால டிரைவர் பக்கத்துல எடம் இருக்கு” என்று வேன்காரர் சொன்னார். வேண்டாம் என்றேன்.

தெரு முனை திரும்பியதுமே ஆரம்பித்துவிட்டது. நெற்றி வேர்த்தது. ஒரு கையால் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினேன். வாழ்நாள் முழுவதும், ஏறிய எந்த வண்டியிலும், எப்போது நிற்கும் என்று மட்டுமே நினைத்தவன் நான். எழுநூற்று நாற்பதில் வேன் நின்றது. அதற்குள்ளா என்று கேட்டுவிட்டேன்.